‘குடல்வகை உருமாற்றம்’ என்று அறிக்கை வந்தால் எவ்வளவு தூரம் அஞ்ச வேண்டும்?

கேள்வி: நான் கோண்டாவிலில் வசிக்கும் ஆசிரியை. வயது 54. பல வருடங்களாக நெஞ்செரிவுக்கு ஒமெப்பிரசோல் குளிசை பாவித்து வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன்னர் தனியார் வைத்தியசாலை ஒன்றில் வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்த்து, இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து இரண்டு துண்டுகள் எடுத்தார்கள். நாட்பட்ட அழற்சி உண்டு, ஒரு துண்டில் ‘இன்ரெஸ்ரைனல் மெற்றாபிளேசியா’ உண்டு, ‘டிஸ்பிளேசியா’ இல்லை, ஹெலிகோபக்டர் பைலோரி கிருமி உண்டு என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். கிருமிக்கு இரண்டு கிழமைக்கு மருந்து தந்தார்கள். வாய்க் கசப்பும் சத்தியும் தாங்க முடியாமல் ஆறாம் நாள் விட்டுவிட்டேன். இணையத்தில் தேடியபோது இது புற்றுநோய்க்கு முந்திய நிலை என்று இருந்தது. என் அப்பாவும் 1996 இல், நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்தபோது, வயிற்றுப் புற்றுநோயால் இறந்தவர். கனடாவிலிருக்கும் அண்ணா, வயிற்றை எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்கிறார். பயத்தில் உறைப்பு, புளி, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சியும் இடியப்பமுமாக இருக்கிறேன். நான்கு கிலோ குறைந்துவிட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா? என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு அறிக்கையின் பிரதியையும் அனுப்பியிருந்தது நல்லதாயிற்று. அதை வாசித்த பின்னர் முதலில் சொல்லக்கூடியது இதுதான்: பரிசோதித்த துண்டுகளில் புற்றுநோய் இல்லை, இரைப்பையை எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கான எந்தக் காரணமும் அந்த அறிக்கையில் இல்லை. இணையத்தில் கண்ட சொல்லை விட என்னைக் கவலைக்குள்ளாக்கியது, ஆறாம் நாள் மருந்தை விட்டுவிட்டதாக நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இரைப்பையின் உட்சுவரில் அமிலத்தையும் செரிமான நொதியங்களையும் சுரக்கும் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி, பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றி, அங்கே பல தசாப்தங்களுக்குக் குடியிருக்கும். அது உண்டாக்கும் அழற்சி ஆறாமல் தொடரும்போது சிலரில் சுரப்பிகள் மெல்ல மெல்ல அழிந்து சுவர் மெலிகிறது. மெலிந்த இடத்தில், இரைப்பைக்கு உரியவையல்லாத, சிறுகுடலில் இருக்க வேண்டிய வகைக் கலங்கள் முளைக்கத் தொடங்குகின்றன. உங்கள் அறிக்கையிலுள்ள ஆங்கிலச் சொல்லுக்கு இதுதான் பொருள். தமிழில் ‘குடல்வகை உருமாற்றம்’ எனலாம். உவரடித்த வயலில் நெல் பொய்த்து, அந்த உவரைத் தாங்கும் புல் முளைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முளைத்த புல் நோயுற்றதல்ல. ஆனால் அது அங்கே முளைத்திருப்பது நிலம் கெட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அதேபோல இந்தக் கலங்களும் தம்மளவில் ஒழுங்கானவை, இடம்தான் மாறியிருக்கின்றன. கலங்களின் வடிவமும் அடுக்கும் குலைந்து போகும் நிலை இதற்கு அடுத்தது. அதைத்தான் ‘டிஸ்பிளேசியா’ என்கிறார்கள். அது உங்கள் துண்டுகளில் காணப்படவில்லை என்பது அறிக்கையின் மிக முக்கியமான வரி. நீங்கள் அதை ஒரு வரியாக எழுதிக் கடந்துவிட்டீர்கள்.

அழற்சி, சுவர் மெலிதல், உருமாற்றம், ஒழுங்கு குலைதல், புற்றுநோய் என்ற இந்தப் படிவரிசையைக் கொலம்பியாவைச் சேர்ந்த நோயியல் நிபுணர் பெலாயோ கொறியா 1975 இல் முன்வைத்தார். அப்போது கிருமியைப் பற்றி யாருக்கும் தெரியாது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் 1982 இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். 2005 இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994 இல் இக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதலாம் தொகுதியில், அதாவது உறுதியானவற்றின் வரிசையில், சேர்த்தது. இந்தப் படிகளைக் கடக்கப் பொதுவாகப் பல வருடங்கள், பெரும்பாலும் தசாப்தங்கள் எடுக்கின்றன என்பதும், ஏறத் தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் இறுதிப் படிக்குப் போவதேயில்லை என்பதும் ‘புற்றுநோய்க்கு முந்திய நிலை’ என்ற பெயரிலிருந்து தெரிவதில்லை. அந்தப் பெயர் அடுத்த மாதம் வரப்போகும் ஒன்றைச் சொல்வது போல ஒலிக்கிறது. நோயாளியின் காதில் எப்படி விழும் என்று யோசித்து வைத்த பெயராக எனக்கு அது ஒருபோதும் தோன்றியதில்லை.

எவ்வளவு பேர் அந்த இறுதிப் படிக்குப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கக்கூடும். நெதர்லாந்தில் இத்தகைய மாற்றங்கள் கண்டுபிடிக்கப்பட்ட தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைத் தொடர்ந்து, 2008 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதன்படி முதல் ஐந்து வருடங்களில், ஒரு வருடத்தில் புற்றுநோய் கண்டவர்கள், சுவர் மெலிதல் மட்டும் உள்ளோரில் 0.1 சதவீதம், குடல்வகை உருமாற்றம் உள்ளோரில் 0.25 சதவீதம், இலேசான அல்லது நடுத்தரமான ஒழுங்கு குலைவு உள்ளோரில் 0.6 சதவீதம், கடுமையான ஒழுங்கு குலைவு உள்ளோரில் 6 சதவீதம். உங்கள் படியில் நிற்கும் ஆயிரம் பேரை எடுத்தால், ஒரு வருடத்தில் இரண்டு அல்லது மூன்று பேர். கடுமையான ஒழுங்கு குலைவில் அந்த எண் அறுபதாகத் தாவுவதையும் கவனியுங்கள். ஒரே சொல்லின் கீழ் இவை எல்லாவற்றையும் போட்டுவிடுவதால்தான், ஆயிரத்தில் இரண்டு பேரின் நிலையில் உள்ளவர் ஆயிரத்தில் அறுபது பேரின் நிலையில் உள்ளவரைப் போல அஞ்சுகிறார். சில வேளைகளில் இதற்கு மறுதலையாகவும் நடந்துவிடுகிறது.

ஆனால் அந்த 0.25 சதவீதத்தை அப்படியே எடுத்து உங்கள் மீது ஒட்டிவிட நான் தயாரில்லை. உருமாற்றம் எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எண் கூடும், குறையும். உங்கள் பரப்பு எவ்வளவு என்பது இன்னும் அளக்கப்படவில்லை. எடுத்தவை இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றும் அரிசிக் குறுணி அளவானது. இரண்டுமே கீழ்ப்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை. மேலேயுள்ள இரைப்பையின் உடற்பகுதியைப் பற்றி அறிக்கையில் ஒன்றுமில்லை. முறைப்படி கீழ்ப்பகுதியில் இரண்டு, வளையும் இடத்தில் ஒன்று, உடற்பகுதியில் இரண்டு என்று ஐந்து துண்டுகள் எடுத்து, கீழ்ப்பகுதியையும் உடற்பகுதியையும் வெவ்வேறு போத்தல்களில் இட்டு அனுப்ப வேண்டும். சிட்னி முறை என்று இதைச் சொல்வார்கள். கீழ்ப்பகுதியில் ஒரு சிறு இடத்தோடு நின்ற உருமாற்றம் வேறு; இரண்டு பகுதிகளிலும் பரவிய உருமாற்றம் வேறு. இரண்டாவது வகையில்தான் வழமையான கண்காணிப்பு அவசியமாகிறது; உடற்பகுதிச் சுவர் மெலிந்தவர்களுக்கு விற்றமின் பி12 குறைவும் குருதிச்சோகையும் வரக்கூடும் என்பதால் அவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். முதல் முறை இரண்டு துண்டுகள் மட்டும் எடுத்ததில் தவறு காண முடியாது. அன்று தேடியது கிருமியையும் புண்ணையும்தான்.

உருமாற்றத்திலும் இரு வகைகள் உண்டு. சிறுகுடலின் கலங்களை முழுமையாக ஒத்திருப்பது ஒன்று; பெருங்குடலின் சாயலோடு, அரைகுறையாக அமைவது மற்றது. பின்னையது ஆபத்துக் கூடியது. உங்கள் அறிக்கையில் எந்த வகை என்று குறிப்பிடவில்லை. இதற்காக மறுபடியும் கமரா விடத் தேவையில்லை. எடுத்த துண்டுகளை மெழுகுக் கட்டியில் பதித்து நோயியல் ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள்; அந்தக் கட்டியையோ கண்ணாடித் தகடுகளையோ உங்கள் வைத்தியர் கேட்டுப் பெற்று, இரைப்பை இழையங்களில் அனுபவமுள்ள இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டலாம். இப்படிக் கேட்பது முதலில் பார்த்தவரை அவமதிப்பதாகும் என்று எம்மவர் தயங்குகிறார்கள். வைத்தியர்கள் தங்களுக்குள் நாளாந்தம் செய்துகொள்கிற காரியம் இது.

இனி அந்த ஆறாம் நாள். இக்கிருமிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் என்ற மருந்து உமிழ்நீரிலும் சுரப்பதால் வாய் கசக்கும். அமொக்சிசிலினோடு சேரும்போது சிலருக்கு ஓங்காளமும் வரும். உங்களுடைய உபாதை கற்பனையல்ல. ஆயினும் பாதியில் நிறுத்திய மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். எஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறியிருக்கக்கூடும். ஆகவே மிச்சமிருக்கும் குளிசைகளை எடுத்து இப்போது போட வேண்டாம். வைத்தியர் எழுதித் தந்த பழைய மருந்துச் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதையே மறுபடி வாங்கவும் வேண்டாம்.

செய்ய வேண்டியது, கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது. ஒமெப்பிரசோலை இரண்டு கிழமை நிறுத்திவிட்டு மூச்சுப் பரிசோதனையோ மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடும் பரிசோதனையோ செய்ய வேண்டும். அந்த இரண்டு கிழமையில் எரிவு வந்தால் சாதாரண அமில நீக்கிப் பாணி போதும். குளிசையை நிறுத்தாமல் பரிசோதித்தால், கிருமி அடங்கிக் கிடந்து, இல்லை என்று பொய்யாக வந்துவிடும். குருதியில் பிறபொருளெதிரி பார்க்கும் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கிருமி போன பிறகும் அது நெடுங்காலம் ‘உண்டு’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். கிருமி இன்னும் இருந்தால், முன்பு பாவித்தது எது, எத்தனை நாட்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியர் வேறு கூட்டு மருந்தைத் தெரிவு செய்வார். அதையும் தாங்க முடியாது போனால் நிறுத்துவதற்கு முன் அவருடன் பேசுங்கள்; சாப்பாட்டோடு எடுப்பது, சத்திக்கு ஒரு குளிசை சேர்ப்பது போன்ற சிறு மாற்றங்களே பெரும்பாலும் போதும். மருந்து முடிந்து குறைந்தது நான்கு கிழமைகள் கழித்து மறுபடி பரிசோதித்து, கிருமி போய்விட்டது என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கொரியாவில், பெற்றோரிலோ சகோதரரிலோ பிள்ளைகளிலோ ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்த, தாமும் இக்கிருமியைக் கொண்டிருந்தவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு வெற்றுக் குளிசையும் கொடுத்துச் சுமார் ஒன்பது வருடங்கள் தொடர்ந்தார்கள். 2020 இல் முடிவு வெளிவந்தது. மருந்து கொடுத்த குழுவில் 1.2 சதவீதத்தினருக்கும் மற்றக் குழுவில் 2.7 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் வந்தது. உண்மையில் கிருமி ஒழிந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அது 0.8 சதவீதம், கிருமி தங்கிவிட்டவர்களில் 2.9 சதவீதம். மருந்து எழுதிக் கொடுத்ததால் மட்டும் பயன் வந்துவிடுவதில்லை என்பது இந்த இரண்டு எண்களிலும் தெரிகிறது. கிருமி போன பின் மெலிந்த சுவர் ஓரளவு தேறுகிறது. உருமாற்றம் மறைவது நிச்சயமில்லை. உங்கள் அடுத்த அறிக்கையிலும் அதே சொல் இருந்தால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

அப்பாவின் நோயைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் பலமுறை வாசித்தேன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பின் நேர்ந்த மரணங்கள் பலவற்றுக்கு வைத்தியக் குறிப்பு எதுவும் எஞ்சவில்லை. ‘வயிற்றுக்குள் கட்டி’ என்று சொன்னதே குடும்பத்தின் நினைவில் வயிற்றுப் புற்றுநோயாக நின்றுவிட்டது. பேச்சுவழக்கில் ஈரல், கணையம், பெருங்குடல் எல்லாம் வயிறுதான். கொரியா, யப்பான் போன்ற நாடுகளோடு ஒப்பிட்டால் இலங்கையில் இரைப்பைப் புற்றுநோய் மிகக் குறைவு என்பதால், அப்பாவின் கட்டி வேறு உறுப்பினதாக இருந்திருக்கவும் கூடும். இதை அறிவதால் உங்களுக்கு நேரடியான பயன் உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் பிள்ளையின் ஆபத்து ஏறத்தாழ இரண்டு, மூன்று மடங்காகிறது. ஐரோப்பிய நிபுணர் சங்கங்களின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டல்படி, ஒரே இடத்தில் மட்டும் உருமாற்றம் உள்ளவருக்கு, குடும்ப வரலாறும் இல்லை, கிருமியும் போய்விட்டது, அரைகுறை வகையும் அல்ல என்றால், தொடர் கண்காணிப்புத் தேவையில்லை. குடும்ப வரலாறு இருந்தால் மூன்று வருடங்களுக்கு ஒருமுறை பார்க்கலாம். உருமாற்றம் பரவலாகவும் இருந்து, குடும்ப வரலாறும் இருந்தால் ஒன்று அல்லது இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை.

ஆகவே உங்களைவிட மூத்தவரான அண்ணாவிடம் விசாரியுங்கள். அப்பாவுக்குக் கண் மஞ்சளாகியதா? சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வந்ததா? கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டது என்றாரா? கறுப்பாக மலம் போனதா? மந்திகையிலோ கொழும்பிலோ எங்காவது சத்திரசிகிச்சை செய்தார்களா? சுருட்டுப் பிடித்தவரா? மஞ்சள் காமாலையோடு தொடங்கியிருந்தால் என் ஐயம் ஈரல், கணையம் பக்கம் போகும்; விழுங்குவதில் தடங்கலோடும் சத்தியோடும் தொடங்கியிருந்தால் இரைப்பையின் பக்கம். எதுவுமே தெரியவில்லை என்றால், இரைப்பைதான் என்று வைத்துக்கொண்டு கண்காணிப்பதே உசிதம் என்பது என் கருத்து.

அண்ணாவிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு இருந்தது இரைப்பைப் புற்றுநோய் என்றால், அவரும் உங்களைப் போலவே அப்பாவின் பிள்ளை. அங்கேயுள்ள தன் குடும்ப வைத்தியரிடம் கேட்டுத் தானும் கிருமிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இரைப்பையை முன்கூட்டியே எடுப்பது என்பது கற்பனையில் உதித்ததல்ல. நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் இளம் வயதிலேயே பலர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்ததை ஆராய்ந்து, 1998 இல் ஒரு மரபணுப் பிறழ்வைக் கண்டறிந்தார்கள். அந்தப் பிறழ்வைச் சுமப்பவர்களுக்கு அத்தகைய சத்திரசிகிச்சை செய்வதுண்டு. அது வேறு வகைப் புற்றுநோய். நான் மேலே விவரித்த படிகளில் ஏறி வருவதல்ல. உங்கள் நிலையில் இரைப்பையை எடுப்பது, இல்லாத நோய்க்கு வாழ்நாள் முழுவதும் அபராதம் கட்டுவது. பிற்காலத்தில் ஒழுங்கு குலைந்த சிறு பகுதி ஒன்று கண்ணுக்குத் தெரிந்தால்கூட, பெரும்பாலும் கமராக் குழாய் வழியாகவே அந்த இடத்தை மட்டும் சீவி எடுத்துவிடலாம்.

நெஞ்செரிவையும் இந்த அறிக்கையையும் நீங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதாகத் தோன்றுகிறது. உருமாற்றம் நோவதில்லை, எரிவதில்லை. எரிவு கூடினால் நோய் கூடுகிறது என்றோ, எரிவு நின்றுவிட்டால் சுகமாகிவிட்டது என்றோ கொள்ள முடியாது. கிளினிக்கில் நான் கண்ட வரையில், முதல் மாதம் நித்திரையின்றி அஞ்சியவர்களே, எரிவு அடங்கியதும் மூன்றாம் வருடப் பரிசோதனைக்கு வராமல் விடுகிறார்கள். காத்திராமல் உடனே வர வேண்டிய அறிகுறிகள் வேறு: விழுங்கும்போது தடங்கல், ஓயாத சத்தி, சில வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்புதல், தார் போன்ற கறுப்பு மலம், காரணமில்லாத மெலிவும் குருதிச்சோகையும். இரும்புச்சத்துக் குளிசை எடுத்தாலும் மலம் கறுக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் நான்கு கிலோவுக்குக் காரணம் பெரும்பாலும் கஞ்சியும் இடியப்பமும்தான். மீன் குழம்பையும் சொதியையும் மறுபடி தொடங்குங்கள். உறைப்பு எரிவைக் கூட்டலாமேயன்றி இந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை. குறைக்க வேண்டியது உப்பு: கருவாடு, மோர்மிளகாய், உப்பிலிட்ட ஊறுகாய். வீட்டில் யாராவது புகை பிடித்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் நிறை ஏறாவிட்டால், அதை என்னுடைய இந்த ஊகத்துக்கு விட்டுவிடாமல் வைத்தியரிடம் போங்கள்.

கிணற்றைப் பற்றிய கேள்வி அர்த்தமுள்ளது. உங்கள் பகுதியான வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தில், தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. பல கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருக்கிறது. அமிலம் குறைந்த இரைப்பையில் வேறு பற்றீரியாக்கள் பெருகி, இதை நைத்திரைற்றாகவும், அதிலிருந்து தீங்கான சேர்வைகளாகவும் மாற்றக்கூடும் என்பது கொறியாவே முன்வைத்த கருத்து. கோட்பாடு நன்றாகப் பொருந்துகிறது. மனிதர்களில் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. உங்கள் விடயத்தில் கிருமி என்ற தெளிவான காரணம் கையிலிருக்கும்போது கிணற்றைக் குற்றவாளியாக்க மாட்டேன். ஆயினும் நீரைப் பரிசோதிப்பித்து, எல்லையைக் கடந்திருந்தால் குடிக்க வேறு நீர் எடுங்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்றுவதால் செறிவு இன்னும் கூடும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, தாயான உங்களுக்குப் புற்றுநோய் இல்லை. ஆகவே இப்போது அவர்களுக்குக் கமராப் பரிசோதனை தேவையில்லை. வயிற்று உபாதை இருந்தால் கிருமியைப் பார்க்கலாம்.

அடுத்த கமராப் பரிசோதனையைக் கிருமி ஒழிந்ததை உறுதிசெய்த பின் வைத்துக்கொள்வது நல்லது. அழற்சி மூண்டிருக்கும்போது எடுத்த துண்டில் கலங்கள் குழப்பமாகத் தெரிந்து, ஒழுங்கு குலைவோ என்று நோயியல் நிபுணரையே ஐயுற வைக்கும். போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டுவதானால் பழைய அறிக்கை, பாவித்த மருந்துகளின் பெயர்கள், அப்பாவைப் பற்றி அண்ணா சொன்னவை ஆகியவற்றை ஒரே கோப்பில் கொண்டு போங்கள். ஐந்து துண்டுகளும் இரண்டு போத்தல்களும் பற்றி முன்னரே கேளுங்கள். இரண்டு நிமிடத்தில் கமராவை விட்டெடுத்தவரைக் கைராசிக்காரர் என்று புகழ்வது எங்கள் ஊர் வழக்கம். இந்தப் பரிசோதனைக்குக் குறைந்தது ஏழு நிமிடங்கள் உள்ளே நின்று, சுவரைக் கழுவி, ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பவரே உங்களுக்கு வேண்டியவர். விறைப்பு மருந்தோ மயக்க ஊசியோ கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரமும் அசையாமல் கிடப்பது உங்களுக்கும் அவருக்கும் இலகுவாகும். கிருமிப் பரிசோதனையின் முடிவும் அண்ணாவின் பதிலும் கிடைத்ததும் எழுதுங்கள். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதை அதன் பின்னரே சொல்ல முடியும்.